ஒப்பீட்டு அலகைப் பழுதுபார்த்த குற்றம்

ஒரு நாட்டின் மேன்மையை அதன் ஆயுதங்களை வைத்து அளப்பது விவரம் தெரியாதவர்கள் வழக்கம். விவரம் தெரிந்தவர்கள், அந்த ஆயுதங்களின் விலையைப் பற்றி அந்த நாடு எவ்வளவு கம்பீரமாகச் சண்டை போட்டுக்கொள்கிறது என்பதை வைத்துத்தான் அளப்பார்கள். அந்த வகையில் இந்தக் கதை நடக்கும் நாட்டுக்கு ஈடு இணை கிடையாது. அந்த நாட்டிடம் ஓர் 'அணு அரண்' இருந்தது. கடலுக்கடியில் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்கள். அவற்றின் வயிற்றில் அணுகுண்டு ஏவுகணைகள். ஒருபோதும் ஏவிவிடக் கூடாது என்பதற்காகவே எப்போதும் ஏவத் தயாராக வைக்கப்பட்டவை. பயன்படுத்தவே கூடாத ஒரு பொருளுக்கு வருடா வருடம் அள்ளிக் கொட்டும் பக்குவம் எல்லா நாட்டுக்கும் வாய்த்துவிடாது.

அந்தச் செலவைப் பற்றிய விவாதம் ஆண்டுக்கு ஒருமுறை சபையில் நடக்கும். 'மக்கள் வயிற்றில் அடிக்கிறீர்கள்' என்று ஒரு பக்கம் கொதிக்கும். 'தேசத்தின் உயிரோடு விளையாடுகிறீர்கள்' என்று மறுபக்கம் குமுறும். அந்தக் கொதிப்பு, குமுறல் இரண்டும் தயாரானது ஒரே அறையில். செயலகத்தின் மூன்றாம் மாடியில், கழிவறைக்கு எதிரே இருந்த 'விவாத உதவிப் பிரிவு' அது. முன்பெல்லாம் ஆளுங்கட்சிக்கு ஒரு பிரிவு, எதிர்க்கட்சிக்கு ஒரு பிரிவு என்று தனித்தனியாக இருந்ததாம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே தேநீர்ப் பாத்திரம் போதும் என்று யாரோ கண்டுபிடித்து இணைத்துவிட்டார்கள். அரணுக்குச் செலவு செய்கிற நாடு வேறு எங்காவது மிச்சம் பிடித்துத்தானே ஆகவேண்டும்?

அந்த அறையில் ஜன்னலோர மேசை அவளுடையது. பதவிப் பெயர் ஒப்பீட்டு அலுவலர். எல்லோரும் கூப்பிடுவது 'ஒப்பீடு மேடம்'. அரணின் செலவு என்பது பூஜ்ஜியங்கள் வால் போல நீளும் ஒரு தொகை. அதைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வராது, தூக்கம்தான் வரும். அந்தத் தொகையைக் கோபம் வருகிற அளவுக்குப் பொடித்துக் கொடுப்பது அவள் வேலை. இந்தப் பணத்தில் இத்தனை பள்ளிக்கூடம் கட்டலாம். இத்தனை பாலம் போடலாம். இதை நாணயமாக அடுக்கினால் நிலாவைத் தொடலாம். இந்தக் கடைசி வரியைப் படித்தபோது, 'நிலாவுக்குப் போக நம்மகிட்ட வேற திட்டம் இருக்கே' என்று ஒரு உறுப்பினர் குறுக்கிட்டதிலிருந்து அவள் வானத்துப் பக்கம் போவதில்லை.

பக்கத்து மேசையில் பதிலுரைக்காரர். அவள் எதிர்க்கட்சிக்காக எழுதும் கண்டனத்துக்கெல்லாம் ஆளுங்கட்சிக்காகப் பதில் எழுதுபவர். நாட்டின் இரு பெரும் கருத்துகளும் அந்த மேசைகளில் முழங்கை இடிக்க உட்கார்ந்து வேலை பார்த்தன.

"மேடம், இந்த வருஷம் கொஞ்சம் பலமா அடிங்க. போன வருஷம் நீங்க தடவிக் குடுத்ததுல, அமைச்சர் சும்மா கத்தின மாதிரி ஆயிடுச்சு."

"நீங்க 'தியாக'த்தைத் தூக்கிடுங்க. நான் 'பட்டினி'யைத் தூக்கிடறேன்."

"தியாகம் இல்லாம என் பத்தி நிக்காதே. வேணும்னா 'கண்ணீர்' ரெண்டு இருக்கு, ஒண்ணை நீங்க வெச்சுக்குங்க."

அவளுக்கென்று சொந்தமாக ஒரு கருத்து இருந்ததா என்றால், இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் பத்திரமான இடம் என்று நினைத்து எங்கோ வைத்தாள். பிறகு வைத்த இடம் மறந்துவிட்டது. மிஞ்சியது பழக்கம் மட்டும். எதையும் தனியாக ஒரு பொருளாகப் பார்க்க அவளுக்கு வராமல் போயிற்று. கணவர் புதுச் செருப்பு வாங்கி வந்து, "நல்லா இருக்கா?" என்று கேட்டால், "எதை விட?" என்பாள். அவர் பாவம், சில வருடங்களில் கேட்பதையே நிறுத்திவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு சரியா என்று கேட்கக்கூட அவருக்குத் துணிச்சல் இல்லை.

அந்த ஆண்டு விவாதத்துக்கு முன் எதிர்க்கட்சித் தலைவர் அவளை நேரில் வரச்சொன்னார்.

"பள்ளிக்கூடம் வேண்டாம்மா. பள்ளிக்கூடம்னு ஆரம்பிச்சாலே எங்க ஆளுங்க தூங்கிடறாங்க. பாலம் வேண்டவே வேண்டாம். எங்க ஆட்சியில கட்டினது ஒண்ணு விழுந்திருக்கு. புதுசா குடுங்க. படிக்கிறப்போ எனக்கே தொண்டை அடைக்கணும்."

"எவ்வளவு அடைக்கணும் சார்?"

"தண்ணி குடிச்சுட்டுத் தொடர்ற அளவுக்கு."

அன்று மத்தியானம் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். தங்கை ஒரு சிறிய ஊரின் அரசு மருத்துவமனையில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் வார்டில் செவிலி. பேச ஆரம்பித்துப் பாதியில், பின்னாலிருந்து யாரோ "லிஃப்ட்!" என்று கத்துவது கேட்டது. தொலைபேசி மேசையில் விழுந்த சத்தம். பிறகு ஓட்டம். பிறகு ஒன்றுமில்லை. அவள் காதில் வைத்தபடி காத்திருந்தாள்.

"எங்கடி போனே?" என்றாள், தங்கை திரும்பி வந்ததும்.

"காத்து அமுக்கப் போனேன்."

"என்னது?"

"லிஃப்ட்டும் வார்டும் ஒரே லைன்ல இருக்குக்கா. கீழ ஆபரேஷன் முடிஞ்சு அம்மாக்களை மேல கொண்டுவர லிஃப்ட் வேணும். லிஃப்ட் ஏறினா வார்டுல கரண்ட் போயிடும். மூச்சு விடற மிஷின் எல்லாம் நின்னுடும். பேட்டரி செத்து எத்தனையோ காலமாச்சு. காவலாளி கீழ போய் ஃபியூஸ் போடற வரைக்கும் ஆளுக்கு ஒரு குழந்தைகிட்ட நின்னு, பையைக் கையால அமுக்கிக் காத்துக் குடுக்கணும். நாங்க எத்தனை பேரோ அத்தனை மிஷின்தான் ஓட்டறோம். அதுக்கு மேல ஒரு குழந்தை வந்தா வேற ஊருக்கு அனுப்பிடறோம்."

"எழுதிப் போட்டீங்களா?"

"எழுதி எழுதி, அந்த ஆபீசுல எங்க கையெழுத்தைப் பார்த்தாலே சிரிக்கிறாங்களாம். தனியா ஒரு லைன் இழுத்தா முடிஞ்சு போற வேலை. நீ பெரிய மனுஷங்களோட எல்லாம் புழங்கறியே, உன் வாயால ஒரு வார்த்தை சொல்லேன்."

சபையில் பெயர் அடிபட்டால் மறுநாளே ஆள் அனுப்பிச் சரிசெய்துவிடுவார்கள் என்று அவள் நம்பினாள். இத்தனை வருடம் அந்த மாடியில் வேலை பார்த்தவளுக்கு இப்படி ஒரு நம்பிக்கை வந்தது அதிசயம்தான். தங்கை மேலிருந்த பாசம் என்று சொல்லலாம். ஆனால் உள்ளே இன்னொன்றும் இருந்தது. தான் எழுதும் எதனாலும் எதுவும் நடப்பதில்லை என்பதை அவள் ஒருநாளும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டதில்லை. இதிலாவது நடக்கட்டும் என்று நினைத்தாள். அப்படி நினைக்கும்போதே, தொண்டை அடைக்கிற வரி இதுதான் என்று அவள் தொழில் மூளை குறித்துக்கொண்டதையும் அவள் கவனித்தாள். கவனித்ததை உடனே மறந்தாள்.

உரை பிரமாதமாக அமைந்தது. அந்த வார்டின் பெயரைச் சொல்லி, லிஃப்ட் சத்தத்தைச் சொல்லி, காற்றுப் பையை அமுக்கும் கைகளைச் சொல்லி, "இந்த ஒரு வார்டைச் சரிசெய்ய ஆகும் பணத்தைப் போல நாற்பத்து மூன்று லட்சம் மடங்கை நீங்கள் கடலுக்கடியில் மூழ்கடித்திருக்கிறீர்கள்!" என்று எதிர்க்கட்சித் தலைவர் முழங்கினார். திட்டமிட்ட இடத்தில் தண்ணீர் குடித்தார். திட்டமிடாத இடத்திலும் ஒருமுறை குடித்தார். பதிலுரைக்காரரும் சும்மா இருக்கவில்லை. "அந்தக் குழந்தைகள் குண்டு விழும் பயமில்லாமல் மூச்சு விடுகிறார்களே, அது எதனால்? அரணால்!" என்று அமைச்சர் எழுந்து சொன்னார். இரண்டு பக்கமும் மேசையைத் தட்டின. அரணுக்கான நிதி வழக்கம்போல நிறைவேறியது.

மறுநாளிலிருந்து நாட்டில் ஒரு அறிவுப் புரட்சி நடந்தது. தொலைக்காட்சியில் அரணின் செலவைக் குட்டிக் குட்டித் தொட்டில் படங்களாக ஓடவிட்டார்கள். 'உங்கள் தொகுதி எத்தனை வார்டு?' என்று ஒரு செயலி வந்தது. தொட்டால் ஒரு குழந்தை கொட்டாவி விடும். 'கதை சொல்லும் தரவு' என்று ஆலோசனை நிறுவனத்து இளைஞர்கள் பயிற்சி வகுப்பு எடுத்தார்கள். சில மாதங்களில் 'வார்டு' என்பது கிலோ, மீட்டர் போல ஆகிவிட்டது. புதிய போர்க்கப்பல் பதினோராயிரம் வார்டு. அமைச்சரின் வெளிநாட்டுப் பயணம் மூன்று வார்டு, உடன் சென்றவர்களையும் சேர்த்தால் ஒன்பது. "போன வருஷத்தை விட இருநூறு வார்டு குறைச்சிருக்கோம்" என்று ஆளுங்கட்சியே பெருமை பேச ஆரம்பித்தது. நாட்டின் பாதுகாப்பைப் பற்றிய பேச்சு இத்தனை மனிதத்தன்மையோடு முன் எப்போதும் நடந்ததில்லை என்று தலையங்கங்கள் எழுதின. அவளுக்குப் பதவி உயர்வும், கழிவறையிலிருந்து ஒரு அறை தள்ளி இடமும் கிடைத்தன.

வார்டில் லைன் மட்டும் இழுக்கவில்லை.

ஆனால் சுகாதாரத் துறை தூங்கிவிட்டது என்று பழி சொல்லக் கூடாது. விழித்துக்கொண்டு, லைன் இழுக்க அனுமதி கேட்டு ஒரு கோப்பு அனுப்பியது. வார்டு இப்போது தேசம் முழுவதும் புழங்கும் அலகு ஆகிவிட்டதால் கோப்பு விவாத உதவிப் பிரிவுக்கு வந்தது. பிரிவுத் தலைவர் கூட்டம் கூட்டினார். சுகாதாரத் துறையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். நிதித்துறையிலிருந்து ஓர் இணைச் செயலர். அரண் செயலகத்திலிருந்து முதுகு வளையாத ஒருவர். அவர் என்ன பதவி என்பதே ரகசியம். எதிர்க்கட்சிக்குக் கொறடா. அவள், அலகை எழுதியவள் என்ற முறையில், மேசைக் கோடியில்.

"சின்ன வேலைதாங்க," என்றார் சுகாதார அதிகாரி. "தனியா ஒரு லைன். ஒரே நாள்ல முடிஞ்சுடும். பணம்கூட எங்ககிட்டயே இருக்கு."

"முடிஞ்ச பிறகு?" என்றார் நிதி.

"முடிஞ்ச பிறகு லிஃப்ட் போனாலும் கரண்ட் போகாது."

"அதைக் கேட்கலை. முடிஞ்ச பிறகு அந்த வார்டைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. அதான் சரியாயிடுமே."

"அப்போ ஒரு வார்டுங்கிறது சைபர்."

"ஆமா… சைபர்."

"அரணோட செலவை வார்டால வகுத்துத்தான் நாடு முழுக்கக் கணக்கு ஓடுது. சைபரால வகுத்தா என்ன வரும்?"

சுகாதார அதிகாரி தன் பள்ளி நாட்களைத் துழாவினார். "வகுக்கக் கூடாதுன்னு சார் சொல்லிக்குடுத்தாரு."

"முடிவிலி!" என்றார் நிதி. "அரணோட செலவு முடிவிலின்னு அமைச்சர் சபையில எழுந்து நின்னு ஒத்துக்கணுமா?"

அரண்காரர் தொண்டையைச் செருமினார். "முடிவிலியைப் பத்தி எங்களுக்குக் கவலை இல்லை. எதிரி பயந்துட்டுப் போறான். ஆனா எதிரி நாட்டு நிபுணர்களும் இப்போ நம்மளை வார்டுலதான் கணக்குப் போடறாங்க. அலகு திடீர்னு மாறினா, இவங்க எதையோ மறைக்கிறாங்கன்னு நினைச்சு அவங்க முந்தித் தாக்கிடலாம். ஒரு ஒயரால உலகப் போர் வரும்னு நான் சொல்லலை. வராதுன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை."

"எங்களுக்கும் ஆட்சேபம் இருக்கு," என்றார் கொறடா. "தலைவர் அழற இடமே அதுதான். அதையும் சரி பண்ணிட்டீங்கன்னா நாங்க எதைச் சொல்லி அழறது? இது எதிர்க்கட்சியோட குரல்வளையை நெரிக்கிற சதி."

"யாரு நெரிச்சா? நாங்களும் வேண்டாம்னுதானே சொல்றோம்!"

"அப்படியா? அப்போ ஆதரிக்கிறோம்," என்ற கொறடா, சொன்னது நெருட, "வன்மையான கண்டனத்தோட" என்று சேர்த்துக்கொண்டார்.

அவள் வாயைத் திறந்தாள். "அங்க குழந்தைங்க இருக்குங்க சார்."

எல்லோரும் அவளை வாஞ்சையோடு பார்த்தார்கள். "அதனாலதானேம்மா அலகு இவ்வளவு அருமையா அமைஞ்சிருக்கு!" என்றார் பிரிவுத் தலைவர், தன் பிரிவின் பெருமை முகத்தில் பொங்க.

"வேற ஏதாவது ஒரு வார்டை அலகா வெச்சுக்கிட்டா?"

"தாராளமா. இதே அளவுக்கு மோசமா வேற எங்க இருக்கு? நீங்களே சொல்லுங்க."

உடனே அவள் மனதில் வேறு சில ஊர்கள் வந்து வரிசையில் நின்றன. உரைக்காக ஒருகாலத்தில் சேகரித்து வைத்தவை. ஒன்றில் கூரை ஒழுகியது. இன்னொன்றில் தண்ணீர் வரவில்லை. எந்த ஊர்க் குழந்தைகளைக் கொடுத்து எந்த ஊர்க் குழந்தைகளை மீட்கலாம் என்று தன் மூளை சுறுசுறுப்பாகக் கழித்துக் கூட்டிக்கொண்டிருப்பதை அவள் பார்த்தாள். இந்த வேலையில் தான் எவ்வளவு கெட்டிக்காரி என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வார்டு 'தேசிய ஒப்பீட்டு அலகு' என்று அறிவிக்கப்பட்டது. அது இருக்கிற நிலை மாறாமல் காப்பதற்கு, அதைச் சரிசெய்ய ஆகும் பணத்தைப் போலப் பதினெட்டு மடங்கு ஒதுக்கப்பட்டது. வாசலில் துப்பாக்கியோடு ஒரு காவலர் வந்தார். 'பழுது நீக்காதீர்' என்று பலகை மாட்டினார்கள். அலகைக் காண வரும் உறுப்பினர்கள், மாணவர்கள், வெளிநாட்டு விருந்தினர்கள் வசதியாக உட்கார்ந்து பார்க்கக் கண்ணாடிச் சுவர் வைத்த பார்வையாளர் கூடம் எழும்பியது. அதில் குளிர்சாதனம். அதற்கு மின்சாரம், வேறு லைன் இல்லாததால், அதே லைனிலிருந்து. அதனால் லிஃப்ட் ஏறாதபோதும் மின்சாரம் போக ஆரம்பித்தது. 'இன்று எத்தனை முறை' என்று காட்டும் சிவப்பு எண் பலகை ஒன்றும் கூடத்தில் வைக்கப்பட்டது. பள்ளி மாணவர்கள் அது மாறும்போதெல்லாம் கைதட்டினார்கள்.

"அக்கா," என்றாள் தங்கை தொலைபேசியில், "நீ சொன்ன ஒரு வார்த்தை போதும். இனிமே எதுவும் சொல்லாதே, உனக்குப் புண்ணியமாப் போகும்."

தங்கை வேறு மாதிரி ஆள். அவளுக்குக் கண்ணெதிரே இருக்கிற ஒன்றுதான் தெரியும். அதற்கு அடுத்தது அடுத்தாற்போல்தான் தெரியும். சிறுவயதில் பரீட்சை எழுதும்போதுகூட முதல் கேள்விக்கு மட்டும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு மணி அடித்ததும் எழுந்து வருவாள். அந்தத் தங்கை, வார்டில் பெருக்கித் துடைக்கும் பெண்ணின் கணவர் எலக்ட்ரீஷியன் என்பதை நினைவில் வைத்திருந்தாள். செவிலியர் எல்லோரும் கையிலிருந்த பணத்தைப் போட்டார்கள். ஒரு விடுமுறை நாளில், காவலர் சாப்பிடப் போன நேரத்தில், கூடம் பூட்டியிருந்தபோது, அந்த மனிதர் ஏணியோடு வந்தார். தனி லைன் இழுத்துவிட்டுப் போனார். காபிகூடக் குடிக்கவில்லை.

அடுத்த வாரம் அக்கா போய்ப் பார்த்தாள். தொட்டில்களுக்கு நடுவே நின்றாள். உள்ளங்கையில் அடங்கிவிடுவது போன்ற குழந்தைகள். லிஃப்ட் ஏறும் சத்தம் கேட்டது. அவள் உடம்பு தானாக விறைத்தது. யாரும் ஓடவில்லை. விளக்கு அசையவில்லை. மிஷின்கள் தங்கள்பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. ஒரு செவிலி மட்டும், பழைய பழக்கத்தில் எழுந்தவள், வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எப்படிக்கா இருக்கு?" என்றாள் தங்கை.

"நல்லா இருக்கு," என்றாள் அவள்.

எதை விட என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. திரும்பும் வழியெல்லாம் பேருந்து ஜன்னலில் மரங்களைத் தனித்தனி மரங்களாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

துரோகம் வெளிப்பட அதிக நாள் ஆகவில்லை. நட்பு நாடு ஒன்றிலிருந்து தூதுக்குழு வந்தது. அவர்களுக்கும் சொந்தமாக ஒரு அரண் இருந்தது. ஆனால் அதன் செலவை அளக்க இத்தனை உருக்கமான அலகு அவர்களிடம் இல்லை. கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். சிவப்பு எண் பலகை பூஜ்ஜியம் காட்டியது. அமைச்சர் கையசைத்தார், லிஃப்ட் ஏறியது. ஒன்றும் ஆகவில்லை. மறுபடி ஏறியது. ஒன்றும் ஆகவில்லை. அமைச்சர் தாமே லிஃப்ட்டில் ஏறி, அதிகாரிகளையும் நெருக்கியடித்து ஏற்றிக்கொண்டு, மேலும் கீழும் போய்வந்தார். குழந்தைகள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தன. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு தேசம் தலைகுனிந்து நின்றது.

விசாரணைக் குழுவின் முன் தங்கை சீருடையில் நின்றாள். குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டது: "தேசிய ஒப்பீட்டு அலகை அனுமதியின்றிப் பழுதுபார்த்தல், அதன்மூலம் நாட்டின் பாதுகாப்புச் செலவை முடிவிலிக்கு உள்ளாக்குதல்."

"ஏன் இப்படிச் செஞ்சீங்க?" என்றார் அரண்காரர்.

"மூச்சு விடணும்ல சார்."

"யாரு?"

"குழந்தைங்க."

"அது சுகாதாரத் துறை விஷயம். நாங்க கேட்கிறது பாதுகாப்பைப் பத்தி."

"உங்க அரணைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது சார். அதை நான் தொடவே இல்லை. ஒயரைத்தான் தொட்டேன்."

"அரணுக்கும் ஒயருக்கும் என்ன சம்பந்தம்னு இந்த அம்மாவுக்கு யாராவது விளக்குங்க," என்றார் அவர் சலிப்போடு. யாரும் முன்வரவில்லை.

அரண்காரர் சிறைத் தண்டனை கேட்டார். நிதி, வேலை நீக்கம் போதும் என்றார். கொறடா, கண்டிப்பாகத் தண்டிக்க வேண்டும், ஆனால் தண்டித்ததைக் கண்டித்து வெளிநடப்பு செய்யத் தங்களுக்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்றார். கடைசியில் நிபுணர் என்ற முறையில் அவளைக் கேட்டார்கள். அவள் அதற்குத் தயாராக வந்திருந்தாள். தன் தொழிலில் இதுவரை செய்ததிலேயே நேர்த்தியான ஏற்பாடு என்று அவள் நினைத்ததை முன்வைத்தாள். புது லைனைக் கழற்றிவிட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். அலகு பிழைத்துவிடும், கணக்கும் பிழைத்துவிடும். செய்தவள் அறியாமல் செய்தவள். ஒரு மாத இடைநீக்கம் போதாதா? சிறையோடு ஒப்பிட்டால், வேலை போவதோடு ஒப்பிட்டால், ஒரு மாதம் என்பது ஒன்றுமே இல்லை.

"அலகை உருவாக்கியவருக்குத்தான் அதன் அருமை தெரியும்," என்று பிரிவுத் தலைவர் நெகிழ்ந்தார். குழு ஏற்றுக்கொண்டது.

வெளியே தாழ்வாரத்தில் தங்கை காத்திருந்தாள். "லைனை எடுக்கச் சொல்லிட்டியா?"

"உன் வேலையைக் காப்பாத்தியிருக்கேன்டி."

"என் வேலை என்னன்னு உனக்குத் தெரியுமாக்கா?"

தங்கை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

லைன் கழற்றப்பட்டது. தங்கைக்குப் பதிலாள் போடக் கூடாது என்று நிதித்துறை குறிப்பு எழுதியது. போட்டால் அலகின் பணியாளர் செலவு மாறிவிடும். செவிலியரில் ஒருவர் குறைந்ததால் மிஷினில் ஒன்றை நிறுத்திவைக்கலாமா என்று வார்டிலிருந்து கேட்டார்கள். தொட்டில்களின் எண்ணிக்கையும் அலகில் சேர்ந்ததுதான் என்று பதில் போயிற்று. ஒரு மத்தியானம், கூடத்தில் விருந்தினர்கள் இருந்தார்கள், குளிர்சாதனம் ஓடியது, லிஃப்ட் ஏறியது. கைகளை விட ஒரு மிஷின் அதிகமாக இருந்தது.

தங்கை தொலைபேசியில் சொன்னபோது அழவில்லை. "பொம்பளைப் பிள்ளை. பேர் வைக்கலை இன்னும்." பிறகு சொன்னாள்: "அந்தத் தொட்டில் என்னோடதுக்கா. நான் நிக்கிற இடம்."

அவள் ஏதோ சொல்ல நினைத்தாள். சொல்வதற்கு முன் அவள் மனம் வழக்கம்போல எதையோ எதிரே வைத்து இதை நிறுக்கப் பார்த்தது. மறுதட்டில் வைக்க எதுவும் கிடைக்கவில்லை. தங்கை தொலைபேசியை வைத்துவிட்டாள்.

ஆய்வுக்குழு உடனே வார்டைப் பார்வையிட்டு அறிக்கை கொடுத்தது: "அலகு எதிர்பார்த்தபடி செயல்படுகிறது."

அடுத்த விவாதம் நெருங்கியபோது பதிலுரைக்காரர் நீண்ட விடுப்பில் போயிருந்தார். சிக்கனத்தை முன்னிட்டு இரண்டு பக்கத்தையும் அவளையே எழுதச் சொன்னார்கள். எதிர்க்கட்சிக்கான உரையை அவள் சீக்கிரமே முடித்துவிட்டாள். அதில் கொதிப்பு இருந்தது, தண்ணீர் குடிக்க இடம் இருந்தது. அமைச்சரின் பதிலுரையில்தான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிரிவுத் தலைவர் வந்து, கடைசி வரியைச் சத்தமாகப் படித்துப் பார்த்தார்.

"'இந்த அரண் இதுவரை எதிரி ஒருவரைக்கூடக் கொன்றதில்லை.' அடடா! இத்தனை வருஷமா இது யாருக்கும் தோணலை பாருங்க. சரிபார்த்தாச்சா? நாளைக்கு எவனாவது எழுந்து கேள்வி கேட்டா?"

"நல்லாப் பார்த்துட்டேன் சார். எதிரி ஒருத்தர்கூட இல்லை."

"அப்போ சரி."

சபையில் அமைச்சர் அந்த வரியைக் குரல் நடுங்கப் படித்தார். ஆளுங்கட்சி மேசையைத் தட்டியது. எதிர்க்கட்சித் தலைவரால் பொறுக்க முடியவில்லை; எழுந்து, "எங்கள் ஆட்சியிலும் கொன்றதில்லை, அதையும் பதிவு செய்யுங்கள்!" என்றார். அதற்கும் தட்டினார்கள். அரணின் செலவு, அந்நாட்டு வரலாற்றிலேயே முதல்முறையாக, எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. அவள் அலுவலர் மாடத்தில் உட்கார்ந்து, யாராவது ஒருவர் எழுந்து அடுத்த கேள்வியைக் கேட்பார் என்று கடைசி உறுப்பினர் வெளியேறும்வரை காத்திருந்தாள். எதிரியைக் கொன்றதில்லை என்றால், பிறகு யாரைக் கொன்றது என்று அந்தச் சபையில் ஒருவரும் கேட்கவில்லை.